கடவுள் இரண்டு என்ற கப்பல்காரர்

வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போகிற ஆள் ஒரு கப்பல் முதலாளி, பெயர் மார்சியோன். கருங்கடல் கரையில், இன்றைய துருக்கியில் இருக்கும் சினோப் துறைமுகம்தான் சொந்த ஊர். கி.பி. 140 வாக்கில் ரோமுக்கு வந்து, அங்கிருந்த கிறிஸ்தவ சபைக்கு 2 லட்சம் செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) காணிக்கை கொடுத்தார். 144-ல் அவரை வெளியே தள்ளிய சபை, அந்தக் காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டது. வாங்கிய காணிக்கையைத் திருப்பித் தருகிற அளவுக்கு அப்படி என்ன சொல்லிவிட்டார்?

கடவுள் இரண்டு பேர் என்றார். உலகத்தைப் படைத்து, சட்டம் போட்டு, தப்பு செய்தால் தண்டிக்கிற பழைய ஏற்பாட்டுக் கடவுள் ஒருவர். இயேசு வந்து சொல்லும்வரை யாருக்குமே தெரியாமல் இருந்த, அன்பு மட்டுமே வடிவான பிதா இன்னொருவர். அப்படியானால் பழைய ஏற்பாடு எதற்கு? வேண்டாம் என்று மொத்தமாக ஒதுக்கிவிட்டார். லூக்கா சுவிசேஷத்தின் ஒரு சுருங்கிய வடிவமும் பவுலின் 10 நிருபங்களும், அதாவது கடிதங்களும், போதும் என்றார். அவருடைய சுவிசேஷத்தில் மாட்டுத்தொழுவம் இல்லை, மரியாள் மடியில் குழந்தை இல்லை. ரோமப் பேரரசர் திபேரியுவின் 15-ஆம் வருஷத்தில் இயேசு நேராகக் கலிலேயாவிலுள்ள கப்பர்நகூம் ஊருக்கு இறங்கி வருகிறார். சுவிசேஷத்தைக் கொறித்த பொந்து நாட்டு (சினோப் இருந்த பகுதி) எலி என்று கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் திட்டினார், திட்டியதோடு விடாமல் மறுத்து ஐந்து புத்தகம் எழுதினார். ஆனால் ஒன்று, கிறிஸ்தவ வேதத்துக்கு இன்னின்ன நூல்கள்தான் என்று முதலில் பட்டியல் போட்டவர், நமக்குத் தெரிந்தவரை, இந்த எலிதான்! எது வேதம், எது இல்லை என்று சபை யோசித்தே ஆகவேண்டிய நெருக்கடி அவரால் கூடியது என்பது என் கருத்து.

அவரோடு இது முடிந்துவிடவும் இல்லை. டமாஸ்கஸ் பக்கத்தில் ஒரு கிராமத்தில், 318-ஐ ஒட்டிய கல்வெட்டு ஒன்று அவரைப் பின்பற்றியவர்களுடைய கோவிலைச் சொல்கிறது. அதில் இயேசுவுக்குப் போட்டிருக்கும் பெயர் கிறிஸ்தோஸ் இல்லை, கிரேஸ்தோஸ். நல்லவர் என்று அர்த்தம், ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். புது ஊருக்குப் போனால் வெறுமனே கோவில் எங்கே என்று கேட்காதீர்கள், இவர்கள் இடத்துக்குப் போய்விடுவீர்கள் என்று எருசலேம் ஆயர் சிரில் எச்சரிக்கிறார் என்றால் பாருங்களேன்.

கல்யாணத்தைத் துறந்தவர்களுக்கு மட்டும் ஞானஸ்நானம், திருவிருந்தில் திராட்சரசத்துக்குப் பதில் தண்ணீர் என்று வாழ்ந்தார்கள். ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தியோதொரெத், இவர்களில் தொண்ணூறு வயதுப் பெரியவர் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். படைத்தவனின் தண்ணீர் தனக்கு வேண்டாம் என்று, காலையில் எழுந்ததும் தன் எச்சிலைத் தொட்டே முகம் கழுவுவாராம். அப்புறம் சாப்பாடு, துணி, திருவிருந்து எல்லாம் யாருடையது என்று பக்கத்திலிருந்தவர்கள் மடக்கினார்கள். வேறு வழியில்லை, மனசில்லாமல்தான் தொடுகிறேன் என்றாராம்.