கனத்த மரம் மெதுவாகத்தான் எரியும்

நேயர்களுக்கு வணக்கம்.

செட்டிநாட்டில் பழைய வீட்டைப் புதுப்பிக்க ஆரம்பித்ததும் முதலில் எழும் பேச்சு இது: "எல்லாம் மரமாக இருக்கிறதே, தீப்பிடித்தால் என்ன செய்வது? உத்திரத்தை எடுத்துவிட்டு இரும்பு கர்டர் போட்டுவிடலாம்." தயவுசெய்து அவசரப்படாதீர்கள். அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

பட்டகசாலையில், அதாவது வீட்டின் பெரிய கூடத்தில், நின்று அண்ணாந்து பாருங்கள். தளத்தின் பாரத்தை வரிசையாகப் போட்ட கட்டைகள் தாங்குகின்றன. கட்டைகளை உத்திரம் தாங்குகிறது, உத்திரத்தைப் போதிகை என்ற தாங்குகட்டை தாங்குகிறது, போதிகை தூணின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. பாரம் இறங்கும் வழி இது. தீ வந்தால் இந்த நாலும் ஒரே வேகத்தில் போகாது. எது மெல்லிசோ அது முந்திக்கொள்ளும்.

மரம் எரியும்போது மேலே கரி கட்டும். அந்தக் கரியே உள்மரத்துக்குப் போர்வை. தேக்கு போன்ற கெட்டி மரம் நிமிடத்துக்கு அரை மில்லிமீட்டர் அளவில்தான் கரியாகும். மணிக்குச் சுமார் 3 சென்டிமீட்டர். 8 அங்குல, அதாவது 20 சென்டிமீட்டர், சதுரத் தூண் ஒரு மணி நேரம் நாலு பக்கமும் எரிந்தாலும் நடுவில் 14 சென்டிமீட்டர் சதுர மரம் நிற்கும், அதாவது குறுக்குவெட்டுப் பரப்பில் பாதிக்குப் பாதி. கரியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே பொன்னிறத் தேக்கு தெரியும். அதே நெருப்பில் 2 அங்குலச் சட்டம் இரண்டு பக்கமும் எரிந்தால் ஒரு மணி நேரத்தில் அனேகமாக ஒன்றும் மிஞ்சாது. ரீப்பர் என்ற மெல்லிய பட்டியலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

அமெரிக்கக் கட்டட விதிகளில் கனமரக் கட்டடம் தனி வகை. ஐந்து வகைகளில் நான்காவது. மாடியைத் தாங்கும் தூணுக்கு அங்கே, இழைப்பதற்கு முந்தைய அளவில், 8 அங்குலம் வேண்டும். நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நாலு வகைகள். எத்தனை மணி நேரம் தீயைத் தாங்கும் என்பதுதான் அங்கே கணக்கு.

இரும்பு எரியாது, உண்மைதான். ஆனால் 550 டிகிரி செல்சியஸ் வாக்கில் பாதி வலுவை இழந்துவிடும். நன்றாகப் பிடித்த அறைத்தீ அதையும் தாண்டிப் போகும். இன்னொன்று: 20 அடி கர்டர் 500 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய ஒன்றரை அங்குலம் நீளும். நீளுகிற கர்டர் எதைத் தள்ளும்? சுவரைத்தான். கர்டர் போட்டே ஆகவேண்டும் என்றால் வெறுமனே விடாதீர்கள். கான்கிரீட்டிலோ தீத்தடுப்புப் பூச்சிலோ முழுக்க மூடுங்கள்.

அடுத்தது உத்திரத்தின் நுனி. இதை மட்டும் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் கவனிப்பதில்லை. கையை மூடி, முஷ்டிக்குள் ஒரு குச்சியைச் செருகுங்கள். வெளி நுனியைக் கீழே அழுத்துங்கள். உள் நுனி மேலே எம்பி முஷ்டியைத் திறக்கப் பார்க்கும். எரிந்து நடுவில் முறியும் உத்திரமும் இப்படித்தான் சுவரை நெம்பிப் பெயர்த்துவிடும். இதற்கு அமெரிக்கச் செங்கல் கட்டடங்களில் ஒரு வழி உண்டு. சுவருக்குள் போகும் நுனியைச் சாய்வாக வெட்டுவார்கள். கீழ்ப்பக்கம் முழு நீளம், மேல்பக்கம் 3 அங்குலம் குறைவு. உத்திரம் முறிந்தால் நழுவி விழும், சுவர் நிற்கும். நுனியைச் சுற்றி அரை அங்குலம் காற்றும் விட்டால் ஈரம் தங்காது. நடப்பது என்ன? சாய்வாக வெட்டிவிட்டு, பொந்து அசிங்கமாகத் தெரிகிறதென்று கொத்தனார் சிமெண்டை அப்பி இறுக்கிவிடுகிறார். வெட்டியது வீண். புது உத்திரம் ஏற்றுகிற அன்று பக்கத்திலேயே நின்று பாருங்கள்.

மெட்ராஸ் டெரஸ் தளத்தில் கட்டைகளின் மேல் செங்குத்தாக வைத்த செங்கல், அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லி, மேலே தட்டோடு. செங்கல் சூளையிலேயே தீயைப் பார்த்துவிட்டு வந்தது. 9 அங்குலச் செங்கல் சுவர் 4 மணி நேரம் தாங்கும். கருங்கல் தூணை மட்டும் நம்பிவிடாதீர்கள். கடுஞ்சூட்டில் உள்ளே இருக்கும் படிகக்கல் விரிந்து வெடிக்கும். சூட்டோடு தண்ணீர் பட்டால் இன்னும் மோசம்.

நேரம் முடியப்போகிறது என்று கைகாட்டுகிறார்கள். ஃபால்ஸ் சீலிங்கைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சுருக்கமாக: சீலிங்குக்கும் கட்டைகளுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில் தீ ஒளிந்து ஓடி அடுத்த கட்டுக்குப் போய்விடும். அறைக்கு அறை அந்த வெற்றிடத்தைச் செங்கல்லாலோ ராக்வூல் என்ற கல்நார்ப் பஞ்சு அல்லாத பாறையிழைப் பஞ்சாலோ அடையுங்கள். பழைய துணி சுற்றிய வயரை அதற்குள் விட்டு மூடாதீர்கள். இரவில் பின்கட்டுக் கதவைப் பூட்டினால் சாவி உள்பக்கமே தொங்கட்டும்.

வணக்கம்.