பைல் இருக்கிறது, திறக்கவில்லை

வணக்கம் நேயர்களே.

நான் அச்சுக்கு முந்தைய வேலை பார்க்கிறவன். தட்டச்சு, பிழை திருத்தம், பக்க வடிவமைப்பு. வாடிக்கையாளர் மொழியில் சொன்னால் டிடிபி. எங்கள் தொழிலில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: “எங்கப்பா எழுதின புத்தகம் சார், 2004-ல போட்டது. பைல் பத்திரமா இருக்கு. மறுபதிப்புக்கு எவ்வளவு ஆகும்?” பைல் இருக்கத்தான் செய்யும். திறக்காது.

தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பகுதி அன்று பேஜ்மேக்கர் என்ற அடோபி நிறுவனத்தின் பக்க வடிவமைப்பு மென்பொருளில்தான் வடிவமைக்கப்பட்டது. அதன் கடைசிப் பதிப்பான ஏழு, 2001-இல் வந்தது. அதன் இடத்தைப் பிடித்த, அதே நிறுவனத்தின் இன்டிசைன் சில காலம் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்தது. இன்டிசைனின் சிஎஸ்6 பதிப்புக்குப் பிறகு அந்த வசதியும் நின்றுபோனது. விற்காத பொருளை ஒரு நிறுவனம் எத்தனை நாள்தான் பராமரிக்கும்? அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் புத்தகம் நம்முடையதாயிற்றே.

கோப்பு எப்படியோ திறந்துவிட்டாலும் அடுத்த தடை எழுத்துரு. பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று அடித்திருந்தால், கணினிக்குள் பதிவாகியிருப்பது தமிழ் எழுத்தே அல்ல. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும், இல்லாத இடத்தில் ஆங்கில எழுத்துக் குப்பை. எந்தக் கணினியிலும் தமிழைத் தமிழாகவே பதியும் முறை ஒருங்குறி, அதாவது யூனிகோடு. 2010-இல் தமிழக அரசு அதைத் தரமாக ஏற்று ஆணையிட்ட பிறகும் பல கடைகளில் பழைய எழுத்துருவில்தான் வேலை ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பூட்டுக்குச் சாவி எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. லிப்ரே ஆபீஸ் என்ற அலுவலக மென்பொருள் திறமூலம்; அதாவது அதை இயக்கும் மூலநிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். அதை 2010 முதல் ஓர் அறக்கட்டளையும் தன்னார்வலர்களும் வளர்த்துவருகிறார்கள். 2015-இல் வந்த அதன் 4.4 பதிப்பு, பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கக் கற்றுக்கொண்டது. பக்கம் அப்படியே அச்சுப் பிசகாமல் வரும் என்று நினைக்காதீர்கள். பெட்டிகள் இடம் மாறும், கோடுகள் காணாமல் போகும். ஆனால் எழுத்து வெளியே வந்துவிடும். அந்த எழுத்தை ‘ஓப்பன் தமிழ்’ என்ற இன்னொரு திறமூலத் தொகுப்பு ஒருங்குறிக்கு மாற்றித்தரும். ஒரு முறை மெய்ப்புப் பார்த்தால் போதும், முழுப் புத்தகத்தையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். காசு வராத இந்த வேலையை, மூலநிரலைத் திறந்து பார்க்க முடிந்ததால் யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள்.

திறமூலம் என்றாலே “ஓசியில் கிடைக்கும்” என்றுதான் விளம்பரம் செய்கிறோம். எங்கள் தெருவில் அந்த விளம்பரம் எடுபடாது. திருட்டுப் பிரதியும் ஓசிதானே! நான் அதை விரும்புவதற்குக் காரணம் விலையில் இல்லை, கோப்பில் இருக்கிறது. லிப்ரே ஆபீஸ் சேமிக்கும் ஓடிடி என்ற கோப்பு வடிவம் 2006-இல் சர்வதேசத் தர அமைப்பான ஐஎஸ்ஓவின் தரமானது; அதன் விதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை. வீட்டில் கணினி இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓர் ஓடிடி கோப்பைப் பிரதியெடுத்து, பெயரின் கடைசியில் உள்ள ஓடிடியை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே சில கோப்புகள் இருக்கும். அவற்றில் கன்டென்ட் என்று பெயருள்ளதை நோட்பேடில் திறந்தால், குறியீடுகளுக்கு நடுவே உங்கள் தமிழ் வாக்கியங்கள் அப்படியே கிடக்கும். லிப்ரே ஆபீஸே இல்லாத ஒரு காலத்திலும் அவற்றை எடுத்துவிடலாம்.

மென்பொருளை மாற்றியதும் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்றால் அதுவும் இல்லை. கோப்புப் பெயர்களைப் பாருங்கள்: ‘பைனல்’, ‘பைனல் நியூ’, ‘பைனல் ஓகே’, ‘பைனல் ஓகே சார் கரெக்‌ஷன்’. இவற்றில் அச்சுக்குப் போனது எது? கணினி காட்டும் தேதியையும் நம்ப முடியாது. யாராவது சும்மா திறந்து ஓர் இடைவெளியைத் தட்டிச் சேமித்திருந்தால் பழசு புதுசாகிவிடும்.

அதனால் எங்களிடம் எந்தக் கோப்பும் தேதியில்தான் தொடங்கும். முதலில் ஆண்டு, பிறகு மாதம், பிறகு நாள்; ஒற்றை இலக்கத்துக்கு முன்னால் பூஜ்யம். 2025-03-07 என்பதுபோல. நாள் முதலில் வந்தால் மார்ச் ஏழும் ஜூலை ஏழும் பக்கத்தில் வந்து உட்காரும். ஆண்டை முதலில் எழுதினால் பெயர் வரிசையே தேதி வரிசையாகிவிடும், தேட வேண்டியதில்லை. ‘பைனல்’ என்ற சொல்லுக்குத் தடை. அச்சுக்குப் போனது மட்டும் தனி அடைவுக்குப் போகும், கூடவே அதன் பிடிஎஃப்.

ஒவ்வொரு வேலைக்கும் ‘குறிப்பு’ என்று ஒரு வெறும் எழுத்துக் கோப்பு உண்டு. என்ன எழுத்துரு, தாள் அளவு என்ன, யார் ஒப்புதல் சொன்னார் என்பதெல்லாம் அதில் இருக்கும். “அட்டைக்கு மேட் லேமினேஷன் என்று போனில் சொன்னார்” என்பது மாதிரி ஒரு வரி, பிறகு எத்தனை வாக்குவாதத்தை மிச்சப்படுத்துகிறது என்பது இந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியும். சனிக்கிழமை ஷட்டரை இறக்கும் முன் முகப்புத் திரையைக் காலி செய்து, வெளி வட்டில் பிரதி எடுக்கிறோம். ஆர்சிங்க் என்ற திறமூலக் கருவி, மாறியதை மட்டும் பிரதியெடுக்கும் என்பதால் சீக்கிரம் முடிந்துவிடும். இரண்டு வட்டுகள், ஒன்று கடையில், ஒன்று வீட்டில்.

திறமூலத்தில் எல்லாம் முடியும் என்று நான் சொல்லமாட்டேன். பக்க வடிவமைப்புக்கு ஸ்க்ரைபஸ் இருக்கிறது. அதன் பழைய பதிப்புகளில் தமிழ், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமாக உடையும். இப்போது சரியாக வருகிறது. இருந்தாலும் பல வண்ண இதழ் வேலைக்குக் காசு கொடுத்து வாங்கிய மென்பொருளைத்தான் இன்றும் பயன்படுத்துகிறேன். எழுத்துருக்களில் குறையில்லை: நோட்டோ செரிஃப், முக்த மலர், மீரா இனிமை எல்லாம் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கின்றன. மீரா இனிமையைச் செய்தது ஒரு மலையாளக் கட்டற்ற மென்பொருள் குழு என்பது பலருக்குத் தெரியாது.

தொடங்க நினைப்பவர்கள் விண்டோஸை அழிக்க வேண்டாம். லிப்ரே ஆபீஸ் அதிலேயே ஓடும். புதிதாக வரும் வேலையை மட்டும் ஒருங்குறியில் அடித்து ஓடிடியில் சேமியுங்கள். பழையதை மறுபதிப்பு வரும்போது மாற்றிக்கொள்ளலாம். வேர்டு கேட்பவருக்கு வேர்டு வடிவத்தில் ஒரு பிரதி அனுப்பினால் போயிற்று. மேக்ரோ, அதாவது தானாக ஓடும் கட்டளைகள், போட்ட எக்செல் தாள்களை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள், பலதும் லிப்ரே ஆபீஸில் சரியாக ஓடாது. உங்கள் கணக்கரிடம் கேட்டுவிட்டுப் பிறகு பார்க்கலாம்.

நன்றி, வணக்கம்.