கரையில் பத்து நிமிடம்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு ஆற்றை மலையிலிருந்து அதன் போக்கிலேயே இறங்கிவந்து பார்த்தால், அது எத்தனை இடங்களில் நின்று இளைப்பாறுகிறது என்பது தெரியும். மேலே பாறைக்குழிகளில் கொஞ்சம் தங்கும். அடிவாரத்தில் அணை மறித்தால் பெரிய நீர்த்தேக்கமாக விரியும். சமவெளிக்கு வந்தபின் தடம் மாறிப்போன இடத்தில், பழைய வளைவு துண்டாகி லாடத்தைப் போல ஓர் ஏரியாகக் கிடக்கும். விடுமுறைக்குத் தண்ணீர் உள்ள இடமாகப் போகலாம் என்று கிளம்புகிற நமக்கு இவை எல்லாம் ஒன்றுதான். பார்த்தவுடன் இறங்கத் தோன்றும். எனக்கும் தோன்றும், பல ஆண்டுகளாக இப்படி நீர்நிலைகளைத் தேடிப் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு நீருக்கும் ஒரு குணம் உண்டு. நம் மொழிக்கு இது தெரியும். சுனை, மடு, கயம், பொய்கை, வாவி, ஏரி என்று எத்தனை பெயர்கள்! மடு என்றால் ஆற்றுக்குள் பள்ளமான, ஆழமான இடம். அந்தச் சொல்லைக் கேட்டாலே ஊர்ப் பெரியவர்கள் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்வார்கள். எந்த நீரானாலும் இறங்குவதற்கு முன் கரையில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். இன்று நான் கேட்க வந்தது அதைத்தான். அந்தப் பத்து நிமிடத்தில் எதைப் பார்ப்பது என்று சொல்கிறேன்.

முதலில் ஏரி. கோடையில் ஓர் ஆழமான ஏரியில் நீந்திப்போய், நடுவில் நின்று காலைக் கீழே தொங்கவிட்டுப் பாருங்கள். தோளில் வெதுவெதுப்பு, கணுக்காலில் பனிக்கட்டி. வெயில் மேல்நீரைத்தான் சூடாக்குகிறது. சூடான நீர் லேசானது, மேலேயே மிதக்கும். குளிர்ந்த நீர் கனமானது, அடியில் தங்கும். 4 டிகிரி செல்சியஸில்தான் நன்னீருக்கு அடர்த்தி மிக அதிகம். இரண்டு அடுக்கும் ஒன்றோடொன்று கலக்காமல் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். கரையோரம் கையை நனைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்று படகிலிருந்து குதிப்பவர் போய் விழுவது வேறொரு தண்ணீரில்.

15 டிகிரிக்கும் குறைவான நீரில் திடீரென விழுந்தால் உடம்பு நம்மைக் கேட்காமல் ஒரு பெருமூச்சை இழுத்துவிடும். அந்த நேரத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படித்தான் போகிறார்கள். அந்தத் திணறல் ஒன்றிரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். அதுவரை நீந்த முயலாதீர்கள். மல்லாந்து, காதுகள் நீரில் நனையத் தலையைப் பின்னால் சாய்த்து மிதந்துகொண்டிருங்கள். மூச்சு சீரானபிறகு கரையைத் தேடலாம்.

அடுத்தது நீர்த்தேக்கம். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் பேச வேண்டியிருக்கிறது. பார்க்க ஏரி மாதிரியே இருக்கும், ஆனால் இது மூழ்கிப்போன ஒரு பள்ளத்தாக்கு. அடியில் பழைய பாதை இருக்கும், வேலி இருக்கும், சுவர் இருக்கும், மரம் இருக்கும். கானா நாட்டில் அகோசோம்போ அணை 1965-ல் கட்டி முடிந்தபோது வோல்டா ஏரி உருவானது. சுமார் 8,500 சதுர கிலோமீட்டர், மனிதர் உருவாக்கிய நீர்த்தேக்கங்களில் பரப்பளவில் உலகிலேயே பெரியது. காட்டை முழுக்க வெட்டாமலே நீரைத் தேக்கினார்கள். மட்டம் இறங்கும்போது அந்த மரக்கட்டைகள் நீருக்குச் சற்றே கீழே மறைந்து நின்று, இன்றைக்கும் படகுகளைக் கிழிக்கின்றன.

இயற்கையான ஏரியின் கரைக்கு வயது அதிகம். அலையடித்து அடித்துச் சரிவு படிந்திருக்கும். புல், நாணல், பிறகு நீர் என்று படிப்படியாக இறங்கும். நீர்த்தேக்கத்தின் கரையோ மலைச்சரிவு. பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் நீரைத் திறக்கத் திறக்க மட்டம் இறங்கிக்கொண்டே போகும். கரையைச் சுற்றிப் புல் இல்லாமல் வெளிறிய பட்டை ஒன்று ஓடுவதைக் கவனித்திருக்கிறீர்களா? போன மாதம் நீர் நின்ற இடம் அது. அந்தப் பட்டை அகலமாக இருந்தால், நீங்கள் நிற்கும் இடமே சில வாரங்களுக்கு முன் நீருக்கடியில் இருந்தது.

அப்படி ஒரு பட்டையில் நான் ஒருமுறை இறங்கி நடந்தேன். மேலே காய்ந்து, பாளம் பாளமாக வெடித்த மண். பார்த்தால் கல் மாதிரி இருந்தது. நீர் விளிம்புக்குப் பத்தடி இருக்கும்போது பாளம் உடைந்து வலது கால் முழங்கால் வரை உள்ளே போனது. அடியில் கருப்பாக, குளிர்ந்த வண்டல். காலை இழுக்க இழுக்க அது உறிஞ்சிக்கொண்டது. கடைசியில் முன்பக்கமாகச் சாய்ந்து, இரண்டு கைகளையும் அகல விரித்து, பாரத்தை மண்மேல் பரப்பி, ஊர்ந்துதான் வெளியே வந்தேன். செருப்பு உள்ளேயே போய்விட்டது. தனியாகப் போயிருந்தேன், அதுதான் நான் செய்த பெரிய தவறு.

அணைக்கு அருகிலும் மதகுக்கு அருகிலும் போகவே கூடாது. மேலே நீர் அசையாத மாதிரி இருக்கும், அடியில் குழாய்வாய் இழுத்துக்கொண்டிருக்கும். அணையின் கீழ்ப்பக்கம் ஆற்றில் குளிப்பவர்கள் சைரன் கேட்டால் துணியை எடுக்கக்கூட நிற்காமல் மேலேற வேண்டும். சின்னத் தடுப்பணைகளை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மேலிருந்து வழிந்து விழும் நீர் அடியில் புகுந்து, மேற்பரப்பு நீரை மறுபடியும் அணைச் சுவரை நோக்கியே சுருட்டி இழுக்கிறது. அதில் மாட்டிய கட்டையைப் பாருங்கள், அங்கேயே உருண்டுகொண்டிருக்கும். மீட்புப் பணியாளர்கள் அதை மூழ்கடிக்கும் இயந்திரம் என்றே சொல்கிறார்கள்.

இனி மலை ஆற்றின் பாறைக்குழிகள். நான் மிக விரும்பும் நீர் இதுதான். ஒரு சிறு பள்ளத்தில் சில கூழாங்கற்கள் மாட்டுகின்றன. வெள்ளம் வரும்போது சுழி அவற்றைச் சுற்றிச் சுற்றி அரைக்கிறது. ஆண்டுகள் போகப் போகப் பாறையில் உரல்போல வட்டக் குழி விழுகிறது. தென்னாப்பிரிக்காவில் பிளைட் ஆறும் ட்ரூயர் ஆறும் சேருமிடத்தில் போர்க்ஸ் லக் என்ற இடத்தில் இப்படிக் குடைந்த பெரிய பெரிய குழிகளைப் பார்க்கலாம். எந்த ஊர்ப் பாறைக்குழியானாலும் அடியில் கையை விட்டால் பெரும்பாலும் உருண்டையான கல் ஒன்று அகப்படும். குழியைக் குடைந்த உளி அதுதான். எடுத்துப் பாருங்கள், பிறகு அங்கேயே போட்டுவிடுங்கள்.

இங்கே ஏமாற்றுவது நீரின் தெளிவு. ஒளி வளைவதால், நேர் மேலிருந்து பார்த்தால் நீரின் ஆழம் முக்கால் பங்காகத் தெரியும். எட்டடி ஆழம் ஆறடியாகத் தோன்றும். சாய்வாகப் பார்த்தால் இன்னும் குறையும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்ற பழமொழி அப்படியே பொருந்துகிற இடம் இது. தெளிந்த நீரில்தான் ஆழம் தெரிந்துவிட்டதாக நாம் நம்பிவிடுகிறோம். நீச்சல் தெரியாத பிள்ளைக்கு இடுப்பளவு என்று நினைத்தது கழுத்தளவாக இருக்கும். நேற்று குதித்த இடம்தானே என்று இன்று தலைகீழாகக் குதிப்பவர்களுக்கும் ஒரு சொல்: இரவு ஓடிவந்த நீர் ஒரு பாறையையோ மரத்தையோ அங்கே உருட்டிவிட்டிருக்கலாம்.

உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கலாம், மலைக்கு மேல் மழை பெய்துகொண்டிருக்கலாம். நீர் திடீரெனக் கலங்குவது, சருகும் சுள்ளியும் கூட்டமாக வருவது, ஆற்றின் சத்தம் கனப்பது, சற்றுமுன் உட்கார்ந்த கல் நனைந்திருப்பது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் உடனே மேடேறிவிடுங்கள்.

மழைக்குப் பிறகு வேறொரு தொல்லையும் உண்டு. ஊர்க்கழிவு எல்லாம் ஆற்றுக்குத்தான் வரும். பாரிஸில் சேன் ஆற்றில் குளிப்பதை 1923-ல் தடை செய்தார்கள். நூறாண்டுக்கு மேல் கழித்து, ஏராளமாகச் செலவழித்துச் சுத்தம் செய்து, 2025 ஜூலையில்தான் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். இப்போதும் பெருமழை பெய்தால் குளிக்கும் இடங்களை மூடிவிடுகிறார்கள். அவ்வளவு கண்காணிப்பு உள்ள இடத்திலேயே அப்படி என்றால், மழைக்கு மறுநாள் கலங்கிய நீரை நாமும் விட்டுவிடலாம்.

பாசியையும் பாருங்கள். ஒரு குச்சியை விட்டுத் தூக்கினால் நூல்நூலாகத் தொங்குவது சாதாரணப் பாசி. குச்சியில் பச்சைப் பெயிண்டில் முக்கியெடுத்தது போலப் படிந்தால் அது நீலப்பச்சைப் பாசியாக இருக்கலாம். அது நஞ்சை உண்டாக்கக்கூடியது. நாயைக்கூட அதில் இறங்க விடாதீர்கள், உடம்பில் ஒட்டியதை நக்கியே செத்துப்போகலாம்.

சில இடங்களில் அதிகாரிகளே குளிக்க வேண்டாம் என்கிறார்கள். நாம் கோபித்துக்கொள்கிறோம். குரோஷியாவின் பிளிட்விட்சே பூங்காவில் 16 ஏரிகள் படிப்படியாக இறங்குகின்றன. அங்கே ஏரிகளைப் பிரிக்கும் கரைகளை யாரும் கட்டவில்லை. நீரில் கரைந்த சுண்ணாம்பு, பாசிகளின் மேல் படிந்து படிந்து வளர்ந்தவை. மனிதக் கால் மிதித்தால் அந்த வளர்ச்சி உடையும். அதனால் அங்கே நீந்தத் தடை. அதே நாட்டின் கிர்கா பூங்காவிலும், பெயர்பெற்ற பெரிய அருவியடியில் 2021 முதல் குளிக்கவிடுவதில்லை. அந்தத் தடை எனக்கு நியாயமாகவே படுகிறது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். காப்பாற்றக் குதித்தவர்களும் சேர்ந்து சாவது நாம் அடிக்கடி கேட்கும் செய்தி. யாராவது தத்தளித்தால் கயிறு, கொம்பு, முடிச்சிட்ட துணி, காற்றடைத்த பை, மூடிய காலி கேன் என்று கையில் கிடைப்பதை நீட்டுங்கள் அல்லது வீசுங்கள். அதோடு உரக்கக் கத்தி ஆள் கூப்பிடுங்கள். குதிப்பதைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்போது செருப்பையும் நீச்சல் உடையையும் கழுவி, நன்றாகக் காயவைத்தபின் அடுத்த ஏரிக்குப் போங்கள். வட அமெரிக்காவின் பேரேரிகளுக்குக் கப்பல் நீரோடு வந்து சேர்ந்த வரிச்சிப்பி (zebra mussel) என்ற அந்நியச் சிப்பியினம், 1988-ல் கண்டுபிடிக்கப்பட்டபின் படகுகளோடு ஒட்டிக்கொண்டு ஏரிக்கு ஏரி பரவியது. அதன் குஞ்சு கண்ணுக்குத் தெரியாது, ஒரு துளி ஈரத்தில் பயணம் போகும்.

சென்ற முறை ஒரு பாறைக்குழியின் கரையில் அப்படி நின்றிருந்தேன். முதல் ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, எதிர்ப் பாறையின் நிழலில் ஒரு காய்ந்த இலை மெதுவாகச் சுற்றுவது தெரிந்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்றாவது சுற்றில் நுனி கீழே சாய்ந்து இலை உள்ளே போய்விட்டது. வெளியே வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அன்று நான் குழியில் இறங்கவில்லை. கீழே ஆழமில்லாத ஓட்டத்தில், கணுக்கால் அளவு நீரில் ஒரு தட்டையான கல்லின்மேல் உட்கார்ந்து, வெயில் சாயும்வரை காலை நனைத்துக்கொண்டிருந்தேன். சின்ன மீன்கள் வந்து விரல்களைக் கொத்திவிட்டுப் போயின.

நன்றி, வணக்கம்.