கெர்ரி லிவ்கிரன்: ஒரு சாட்சியும் சில பாடல்களும்

அனைவருக்கும் வணக்கம்.

நம் சபைகளில் சாட்சி சொல்வதற்கு ஒரு வழக்கமான முறை உண்டு. முன்பு இருட்டில் கிடந்தேன், ஒருநாள் இயேசு என்னைத் தொட்டார், அன்றிலிருந்து வெளிச்சம். சாட்சி சொல்பவர் ராக் இசைக்கலைஞர் என்றால் பழைய பாட்டையெல்லாம் தலைமுழுகினார் என்று கதை முடியும். அப்படி வாழ்ந்தவர்கள் உண்டு, அவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இன்று நான் எடுத்துக்கொண்ட மனிதரின் கதை அப்படி இரண்டாகப் பிளக்காது. அதனாலேயே அவரை எனக்குப் பிடிக்கும்.

கெர்ரி லிவ்கிரன், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் உள்ள டொபீகாவில் 1949-இல் பிறந்தவர். மாநிலத்தின் பெயரையே தாங்கிய 'கான்சாஸ்' குழுவில் கிட்டாரும் கீபோர்டும் வாசித்தார். குழுவின் முக்கியமான பாடல்கள் பல அவர் எழுதியவை. 1974-இல் முதல் ஆல்பம் வந்தது. ஆனால் நாடு முழுக்கப் பெயர் பரவியது 1976-இல், நான்காவது ஆல்பத்தில்தான். அந்தச் சமயம் குழுவின் பாடகர் ஸ்டீவ் வால்ஷுக்குப் புதிதாக எதுவும் எழுத வரவில்லை. சுமை லிவ்கிரன் தலையில் விழுந்தது. ஒத்திகையெல்லாம் முடிகிற நேரத்தில் அவர் கடைசியாகக் கொண்டுவந்த பாட்டு 'கேரி ஆன் வேவர்ட் சன்'. வழிதவறிய ஒரு மகனைப் பார்த்து, களைத்துப் போகாதே, முடிவில் இளைப்பாறுதல் உண்டு என்று சொல்லும் பாட்டு. அதை எழுதும்போது அவர் கிறிஸ்தவ விசுவாசி அல்ல. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஆண்டு வந்தது 'டஸ்ட் இன் தி விண்ட்'. அது முதலில் பாட்டே இல்லை. விரல் பழக்கத்துக்காக வீட்டில் அவர் வாசித்துக்கொண்டிருந்த ஒரு பயிற்சி. அதைக் கேட்ட மனைவி, நன்றாக இருக்கிறதே, வார்த்தை போடலாமே என்றார். கிட்டார் பிடிக்கத் தெரிந்த தம்பி தங்கைகள் இதன் தொடக்கத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டும். வலது கை கட்டைவிரல் கடிகாரம் மாதிரி கீழ்ஸ்தாயித் தந்திகளை மாற்றி மாற்றித் தட்டும். மற்ற விரல்கள் மேலே பின்னிக்கொண்டே போகும். இடது கையில் கிட்டத்தட்ட அசைவே இல்லை. சி கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களின் ஒரு பிடி) பிடித்துக்கொண்டு இரண்டாம் தந்தியில் மட்டும் முதல் கட்டை, வெறும் தந்தி, மூன்றாம் கட்டை என்று மாறும். பிறகு ஏ மைனருக்குப் போனாலும் அதே தந்தி, அதே மூன்று சுரங்கள். ஒரே ஒரு சுரம் இடம் மாறுவதால் மொத்தப் பாட்டுக்கும் அந்த ஏக்கம் வந்துவிடுகிறது. இது ராக் குழுவுக்குப் பொருந்தாது என்று அவரே தயங்கியிருக்கிறார். குழுவினர்தான் இதைச் செய்தே ஆக வேண்டும் என்றார்கள். 1978-இல் அமெரிக்கப் பாடல் பட்டியலில் ஆறாம் இடம் வரை போனது.

மனிதன் காற்றில் பறக்கும் தூசி, பணம் கொடுத்து ஒரு நிமிடத்தைக்கூட வாங்க முடியாது. பாட்டின் பொருள் இவ்வளவுதான். பைபிளில் பிரசங்கி புத்தகம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. பாட்டுகள், அதிக விற்பனைக்குத் தரப்படும் 'தங்கத் தட்டு' விருதை வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் ஒருவர் உட்கார்ந்து இப்படி எழுதுகிறார் என்றால், அவருக்குள் பசி இருந்தது என்று அர்த்தம்.

அந்தப் பசியோடு அவர் எங்கெங்கோ தேடினார். கிழக்கத்திய ஞானம் படித்தார். பிறகு 'யுரான்ஷியா புத்தகம்' என்ற ஒன்றில் ஆழ்ந்தார். 1955-இல் சிகாகோவில் வெளியான, இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல் போகும் நூல். வானுலக உயிர்கள் அருளியது என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் அதன் கடைசிப் பகுதி முழுக்க இயேசுவின் வாழ்க்கை.

1979 சுற்றுப்பயணத்தில் கான்சாஸுக்கு முன்னால் மேடையேறிய குழு, லூசியானாவைச் சேர்ந்த 'லெரூ'. அதில் ஜெஃப் பொல்லார்ட் என்ற விசுவாசி இருந்தார். பயணத்தில் இருவரும் விவாதித்தார்கள். இயேசு யார் என்று சொல்வதில் எது நம்பத்தக்கது, பைபிளா, யுரான்ஷியாவா? லிவ்கிரன் சும்மா தலையாட்டவில்லை. தன் பக்கத்துக்காக வாதாடினார், மறுபடி படித்தார், கடைசியில் தன் வாதம் நிற்கவில்லை என்று கண்டுகொண்டார். ஜூலை மாதம், இண்டியானாபொலிஸ் நகரத்து ஹோட்டல் அறையில், அவர் தன்னைக் கிறிஸ்துவிடம் ஒப்புக்கொடுத்தார். போதையிலோ வீழ்ச்சியிலோ அல்ல, ஒரு விவாதத்தின் முடிவில். கேள்வி கேட்கிற இளைஞர்களை முறைக்கும் பெரியவர்கள் இந்த இடத்தைச் சற்று யோசிக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அப்புறம் எல்லாம் சுகமாகப் போனதா? இல்லை. பாட்டு வரிகளில் அவருடைய விசுவாசம் வெளிப்படையாக ஏறியது. மற்றவர்கள் வாயால் அதைப் பாட வேண்டும், அதுதான் சிக்கல். 1981-இல் வால்ஷ் விலகினார். பாடல்கள் போகிற திசை அவருக்கு ஒப்பாததும் ஒரு காரணம். தான் நம்பாததைப் பாட மறுத்தவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அதுவும் நேர்மைதான்.

சபைப் பக்கமிருந்தும் அடி விழுந்தது. 1980-இல் லிவ்கிரன் தனி ஆல்பம் வெளியிட்டபோது இரண்டு பாடல்களை ரோனி ஜேம்ஸ் டியோவிடம் பாடக் கொடுத்தார். டியோ அப்போது, சாத்தான், இருள் என்று பாடுவதாகப் பெயர் வாங்கிய 'பிளாக் சப்பாத்' என்ற ராக் குழுவின் பாடகர். கிறிஸ்தவ ரசிகர்கள் பலர் கொதித்தார்கள். லிவ்கிரன் பின்வாங்கவில்லை. அந்தப் பாட்டுக்கு அந்தக் குரல்தான் வேண்டும் என்று அவர் காதுக்குத் தெரிந்திருக்கிறது. என் கருத்தில் அவர் செய்தது சரி.

1983-இல் அவரும் கான்சாஸை விட்டு வந்தார். அவரைப் போலவே விசுவாசத்துக்கு வந்திருந்த பேஸ் கிட்டார் கலைஞர் டேவ் ஹோப்பும் கூட வந்தார். இருவரும் 'ஏ.டி.' என்ற குழுவைத் தொடங்கினார்கள். பழைய அரங்குகளின் கூட்டம் அதற்குக் கிடைக்கவில்லை. ஹோப் பிற்பாடு ஆங்கிலிக்கன் குருவானார். ஆனால் லிவ்கிரன் பழைய நண்பர்களோடு உறவை முறித்துக்கொள்ளவில்லை. 2000-இல் கான்சாஸ் குழு ஒரு ஆல்பம் செய்தது. எல்லாப் பாடல்களும் லிவ்கிரன் எழுதியவை, பெரும்பாலும் பாடியவர் அதே வால்ஷ். ஒருகாலத்தில் விலகிப்போன குரலே திரும்ப அவருடைய பாட்டைப் பாடியது.

2009 செப்டம்பரில் அவருக்குக் கடுமையான பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் தடுமாறியது. முன்பு நான் சொன்னேனே, கட்டைவிரல் கடிகாரம் மாதிரி என்று, அந்தக் கைதான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழகி மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். பல ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த ஒரு பெரிய வேலையையும் முடித்தார். பாடகர்களும் இசைக்கருவிகளும் சேர்ந்து நிகழ்த்தும் நீண்ட இசைப்படைப்பு அது. அதற்கு அவர் எடுத்துக்கொண்ட கதை, கல்லறையிலிருந்து பெயர் சொல்லி அழைக்கப்பட்ட லாசருவின் கதை.