கண்ணில் படாததை எப்படித் தேர்ந்தெடுப்பது?

நடுவர் அவர்களுக்கும், எனக்கு முன்னால் பேசிக் கைதட்டலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போன எதிரணி நண்பர்களுக்கும், கடைசி வரிசையில் உட்கார்ந்து எனக்கு எதிராகக் கைதட்டத் தயாராக இருக்கும் மாணவர்களுக்கும் வணக்கம்.

வகுப்பறையில் வாசிப்பதற்கான புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் ஆசிரியரா, மாணவரா என்பது தலைப்பு. மாணவரே என்று அவர்கள் பேசிவிட்டார்கள். ஆசிரியரே என்று பேச வந்திருக்கிறேன். பாடப்புத்தகத்தைப் பற்றி இங்கே பேச்சில்லை. அதைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசிரியரையும் யாரும் கேட்பதில்லை, மாணவரையும் யாரும் கேட்பதில்லை. அந்த விஷயத்தில் இரண்டு அணியும் ஒரே கட்சிதான். அதற்கு வெளியே வகுப்பில் வாசிக்கிற கதை, கட்டுரை, நாவல் பற்றித்தான் வழக்கு.

எதிரணித் தலைவர் எடுத்த எடுப்பிலேயே ஒரு பழமொழியை வீசினார். ‘கண்டதைக் கற்கப் பண்டிதன் ஆவான்.’ ஆகவே பிள்ளைகள் எதை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கட்டும், விட்டுவிடுங்கள் என்றார். நல்ல பழமொழி ஐயா. ஆனால் அதில் முதல் சொல் என்ன? ‘கண்டதை’. கற்பதற்கு முன்னால் காண வேண்டும். கண்ணிலேயே படாத புத்தகத்தைப் பிள்ளை எப்படி எடுக்கும்? எங்கள் கட்சி மொத்தமும் அந்த ஒரு சொல்லின் மேல்தான் நிற்கிறது.

புத்தக அலமாரிக்கு முன்னால் பன்னிரண்டு வயதுப் பையனை நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? நான் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். நாற்பது நிமிட வகுப்பு. முதல் பத்து நிமிடம் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் புத்தக முதுகில் இருக்கும் பெயர்களைப் படிப்பான். அடுத்த பத்து நிமிடம் நண்பன் என்ன எடுத்தான் என்று பார்ப்பான். அப்புறம் ஒன்றை உருவுவான், கடைசிப் பக்கத்தைத் திருப்பி எண்ணைப் பார்ப்பான், அதே வேகத்தில் உள்ளே தள்ளுவான். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, இருப்பதிலேயே மெல்லிசான புத்தகம் கைக்கு வரும். இதற்குப் பெயர்தான் சுதந்திரமான தேர்வாம்! அவன் சோம்பேறி இல்லை. அலமாரியில் முந்நூறு புத்தகம் இருந்தால் முந்நூறும் அவனுக்கு முன்பின் தெரியாதவை. தெரியாத கூட்டத்தில் நம்மை விட்டால் நாமும் கதவோரம் நிற்பவரிடம்தான் பேச்சுக் கொடுப்போம்.

வீட்டில் புத்தகம் இருக்கும் பிள்ளைக்கு இந்தத் திணறல் குறைவு. அம்மாவோ அக்காவோ ஏற்கெனவே நாலு புத்தகம் எடுத்துக் கொடுத்துப் பழக்கியிருப்பார்கள். அந்தப் பிள்ளையின் ‘சொந்த விருப்ப’த்தில் பாதி அவர்கள் போட்ட விதை. வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளைக்கு அந்த வேலையைச் செய்ய வகுப்பில் ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார். அவரையும் ஒதுங்கி நில் என்கிறீர்கள். அதன் பலன் யாருக்குப் போகும் என்று யோசித்தீர்களா?

அடுத்து வந்த அம்மா எஸ்.ஆர். ரங்கநாதனைத் துணைக்கு அழைத்தார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-ல் வெளியிட்ட அதே ரங்கநாதன். ‘ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்’ என்று அவரே சொல்லிவிட்டாராம். சொன்னார்தான், அம்மா. அது இரண்டாவது விதி. மூன்றாவதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ‘ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர்.’ புத்தகத்துக்குக் கால் கிடையாது, வாசகரைத் தேடி அது நடக்காது. நடுவில் இரண்டையும் தெரிந்த ஒருவர் வேண்டும். நான்காவது விதி இன்னும் நேரடியானது: வாசகரின் நேரத்தைக் காப்பாற்று. நம் நாற்பது நிமிடப் பையனை மனதில் வைத்துக்கொண்டு அதை இன்னொரு தரம் படியுங்கள்.

அதோடு நிற்காமல் பிரெஞ்சு எழுத்தாளர் தானியேல் பென்னாக்கையும் இழுத்து வந்தார். 1992-ல் வந்த அவருடைய புத்தகத்தில் வாசகருக்குப் பத்து உரிமைகள் வரும். வாசிக்காமல் இருக்கும் உரிமை, பக்கங்களைத் தாண்டும் உரிமை, பாதியில் நிறுத்தும் உரிமை என்று நீளும் பட்டியல். மாணவர்கள் பக்கம் விசில் பறந்தது. எனக்கும் பிடித்த பட்டியல்தான் அது. ஆனால் அந்தப் பட்டியலுக்கு முன்னால் என்ன வருகிறது? வாசிப்பே பிடிக்காத பெரிய வகுப்புப் பிள்ளைகள். அவர்கள் முன்னால் ஓர் ஆசிரியர் தடிமனான நாவல் ஒன்றை எடுத்து, சத்தமாக வாசிக்கத் தொடங்குகிறார். இந்த வயதில் எங்களுக்குக் கதை வாசித்துக் காட்டுவதா என்று முறைத்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் விழுகிறார்கள். அந்த நாவலைத் தேர்ந்தெடுத்தது யார், அம்மா? வகுப்பில் கைதூக்கச் சொல்லி எடுத்ததா?

ஒரு ஆராய்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். இதை எதிரணி பயன்படுத்தும் என்று பயந்துகொண்டே உட்கார்ந்திருந்தேன், நல்லவேளை விட்டுவிட்டார்கள். 1988-ல் அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் நடத்தியது. நடுநிலைப் பள்ளி மாணவர்கள் 64 பேரிடம் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வர்ணனையை வாசிக்கக் கொடுத்தார்கள். பிறகு ஒரு மாதிரி மைதானத்தில் சின்ன மர பொம்மைகளை நகர்த்தி நடந்ததைக் காட்டச் சொன்னார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் பேஸ்பால் நன்றாகத் தெரிந்தவர்கள், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களை முந்திவிட்டார்கள். ‘பார்த்தீர்களா, தெரிந்ததையே, பிடித்ததையே கொடுங்கள்’ என்று குதிக்கத் தோன்றும். பொறுங்கள். பிள்ளையின் முன்னால் வாழ்நாள் முழுக்க பேஸ்பால் வர்ணனை மட்டுமா வந்து நிற்கும்? விஷயம் தெரிந்தால் வாசிப்பு எளிது என்றால், இன்னும் தெரியாத விஷயங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரியவைக்க வேண்டும் என்றுதானே அர்த்தம்?

என் வகுப்பில் ஒருவன் ஆறு மாதம் டைனோசர் தவிர வேறு எதையும் தொடவில்லை. நாக்கு சுளுக்கும் பெயர்களெல்லாம் அவன் வாயில் சரளமாக வரும். ஒருநாள் எரிமலை பற்றிய சின்னப் புத்தகம் ஒன்றை அவன் மேசையில் நானே வைத்தேன். டைனோசர்கள் அழிந்ததில் பெரும் எரிமலை வெடிப்புகளுக்கும் பங்கு இருக்கலாம் என்று உள்ளே ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு எரிமலை, நிலநடுக்கம், நகரும் கண்டங்கள் என்று போய்க்கொண்டே இருந்தான். அவனே தேடியிருந்தால் அது கிடைத்திருக்காது. ஏனென்றால் அந்தப் புத்தகம் இருந்தது எரிமலைத் தட்டில். அவன் ஆறு மாதமும் நின்றது டைனோசர் தட்டு முன்னால்.

சரி, ஆசிரியர்கள் தப்பே செய்வதில்லையா? செய்கிறோம். ஐந்து விரல் சோதனை என்று ஒன்று உண்டு. புத்தகத்தில் ஒரு பக்கத்தை வாசிக்கும்போது தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் அந்தப் பிள்ளைக்கு இப்போதைக்குக் கடினம். ஒரு பையன் கடல் பயணக் கதை ஒன்றுக்காக ஐந்தாவது சொல் வந்ததும் கட்டைவிரலை மடக்காமல் முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். நான் பார்த்துவிட்டேன். புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டேன். பல வருடம் ஆகிறது, இன்றைக்கும் அந்தக் கட்டைவிரல் என் கண்ணில் நிற்கிறது. ஒரு புத்தகத்துக்காகப் பொய் சொல்லும் அளவுக்கு ஆசைப்பட்டவனை நான் தடுத்தேன். எதிரணி சுட்டிக்காட்டிய குறைகளில் பாதி இந்த வகை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது வேறு, தடுப்பது வேறு. நான் வாதாடுவது முதலாவதற்கு. வீட்டுக்கு எதை எடுத்துப் போகிறார்கள் என்பதில் நான் இப்போதெல்லாம் தலையிடுவதே இல்லை.

வகுப்பில் வாசிப்பது அப்படி அல்ல. போன வருடம் ஒரு நாவலை எடுத்தேன். எல்லாரும் அதையே வாசித்தோம். ஒரு பெண்ணுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்று இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். கதாநாயகனின் கோழைத்தனத்தை அவ்வளவு துல்லியமாகப் பிடித்திருந்தாள். அதை வகுப்பில் வாசித்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, அது கோழைத்தனம் இல்லை, தங்கைக்காக அடங்கிப் போனான் என்றான். அவள் உடனே பக்க எண்ணைச் சொல்லி அந்த இடத்தைத் திறந்து பார் என்றாள். முப்பது பேரும் ஒரே பக்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. ஆளுக்கொரு புத்தகம் என்றால் அவள் யாரோடு சண்டை போட்டிருப்பாள்?

கட்டுரையின் அடியில் ஒரு கேள்வியும் எழுதியிருந்தாள்: ‘அடுத்த புத்தகத்தையும் நீங்கள்தான் எடுப்பீர்களா, சார்?’ ஆமாம் என்றேன். முறைத்தாள். நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், வணக்கம்.