புற்றுநோயும் மனச்சோர்வும்: எது களைப்பு, எது சோர்வு?

[திரையில்: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டு வரவேற்பறை]

வணக்கம். புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன முதல் சில வாரங்களில் உறக்கம் கெடுவதும் அழுகை முட்டுவதும் இயல்பு; பலர் அதை மெல்லக் கடந்துவிடுகிறார்கள். கடக்க முடியாமல் நிற்பவர்களைப் பற்றியது இந்தக் காணொளி.

பசியின்மை, எடை குறைதல், களைப்பு, தூக்கமின்மை ஆகியவை மனச்சோர்வின் அறிகுறிகள். கீமோதெரபி எடுப்பவரிடம் இவை எப்படியும் இருக்கக்கூடும் என்பதால், வீட்டாரும் சில வேளைகளில் மருத்துவரும்கூட எல்லாவற்றையும் புற்றுநோயின் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். ஆகவே உடலோடு ஆர்வத்தையும் கவனிக்க வேண்டும். லோட்டஸ் எஃப்எம்மில் பழைய தமிழ்ப் பாட்டு வந்தால் சத்தத்தைக் கூட்டிவைக்கும் ஆயா, இப்போது பாட்டு ஓடுவதையே அறியாமல் உட்கார்ந்திருக்கிறார்; ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்ச அழைத்தால், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லாமல், "நான் வந்து என்ன ஆகப்போகிறது?" என்கிறார். உடல் மட்டும் களைத்தவருக்குப் பெரும்பாலும் ஆசை இருக்கும், தெம்பு இருக்காது. இவருக்கு ஆசையே வற்றிவிட்டது. இந்த நிலை பெரும்பாலான நாட்களில், இரண்டு வாரங்களுக்கு நீடித்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

"தைரியமாக இருங்கள், முருகன் பார்த்துக்கொள்வார்" என்பது நம் வீடுகளில் உடனே வரும் பதில். காவடி நேர்ந்துகொள்வதில் குறையில்லை. ஆனால், நோயாளி அப்போதுதான் வாய் திறந்திருந்தால், அந்த வார்த்தை அவர் பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது. "எதை நினைத்தால் பயமாக இருக்கிறது?" என்று கேட்டுவிட்டுக் காத்திருப்பது இதைவிட உதவும்.

[திரையில்: மருந்துப் பெட்டி]

மருத்துவர் முதலில் வேறு காரணங்களைப் பார்ப்பார்: இரத்தசோகை, தைராய்டு குறைவு, அடங்காத வலி, கீமோதெரபியோடு தரப்படும் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. பிறகு மனநல ஆலோசனையோ மாத்திரையோ இரண்டுமோ தரப்படும். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும். பத்து நாளில் பலனில்லை என்று தாமாகவே நிறுத்திவிடக் கூடாது. மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்ஸிஃபென் எடுப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஏனெனில் மனச்சோர்வு மாத்திரைகளான பரோக்ஸெட்டின், ஃப்ளுவாக்ஸெட்டின் ஆகியவை தமோக்ஸிஃபெனைச் செயல்படும் வடிவமாக மாற்றும் கல்லீரல் நொதியைத் தடுக்கின்றன. மாற்று மருந்துகள் உண்டு.

தென்னாப்பிரிக்காவில் புற்றுநோய்ச் சங்கமான கான்சாவும், மனச்சோர்வுக்கான சாடாக் அமைப்பும் நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆலோசனை தருகின்றன. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வாய்விட்டுச் சொன்னால், அடுத்த சந்திப்புத் தேதிக்காகக் காத்திருக்காமல், அவரைத் தனியே விடாமல், அன்றே அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.