இரண்டு கை, இரண்டு கால்: நாலு இடத்திலும் நாடி பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, கொஞ்சம் நின்றால் விட்டுவிடுகிறது, அதே தூரம் போனால் மறுபடி பிடிக்கிறது. சர்க்கரை நோயுள்ள 60 வயதுக்காரர் இப்படிச் சொன்னால் ரத்தக்குழாய் அடைப்பு என்று சந்தேகப்படுகிறோம். 28 வயதுக்காரர் சொன்னால் வாயு என்று தைலம் தேய்த்து அனுப்பிவிடுகிறோம். அடைப்புக்குப் பின்னால் சில அபூர்வ நோய்கள் இருப்பது பெரும்பாலும் இந்த இளவயதில்தான்.

முதலில் பர்கர் நோய். லியோ பர்கர் 1908-ல் நியூயார்க்கில் விவரித்தது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று பீடித்தூள் புழங்குகிற ஊர்க்காரர்கள் நாம் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பீடி சுற்றுவதால் வரும் என்று சொல்லவில்லை, புகைப்பவர்களுக்கு வருவது. 45 வயதுக்குள், பாதத்திலும் விரல்களிலும் தொடங்கும். தோலுக்கடியில் சிவந்து வலிக்கும் ரத்தநாளத் தடம் ஓரிடத்தில் அடங்கி இன்னோரிடத்தில் கிளம்பும். கொழுப்புப் பரிசோதனை சரியாகவே இருக்கலாம். அடைபடுவது சின்னக் குழாய்கள் என்பதால் பைபாஸ் வைத்துத் தைக்கப் பல நேரம் இடமே கிடைக்காது. புகையிலையை அடியோடு விடுவதுதான் வைத்தியம். ஒரு நாளைக்கு ஒன்றே ஒன்று என்பதும், வாயில் அடக்குவதும் நோயை உயிரோடு வைத்திருக்கும்.

இரண்டாவது டகயாசு நோய். பெரும்பாலும் இளம்பெண்களுக்கு வரும். பெருந்தமனியும், கைக்குப் போவது உட்பட அதன் கிளைகளும் வீங்கிச் சுருங்கும். இங்கேதான் அளவு நம்மை ஏமாற்றும்.

கால் அடைப்பைக் கணிக்க, 5 முதல் 10 நிமிடம் படுக்க வைத்து, கணுக்காலில் அளந்த மேல் அழுத்தத்தை (120/80 என்றால் 120), கையில் அளந்த மேல் அழுத்தத்தால் வகுக்கிறோம். 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. ஒரு பெண்ணுக்குக் கணுக்காலில் 120, இடது கையில் 90, வலது கையில் 140 என்று வைத்துக்கொள்வோம். இடது கையை மட்டும் பார்த்தவருக்கு 1.33 வரும், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடுவார். வலது கையை எடுத்தால் 0.86. அடைப்பும் தெரியும், மறைந்திருந்த ரத்த அழுத்தமும் தெரியும். ஆகவே இரண்டு கையிலும் அளக்கச் சொல்லிக் கேளுங்கள். கூடுதலான எண்ணைத்தான் வகுக்க எடுக்க வேண்டும். இரண்டு கைக் குழாயும் சுருங்கியிருந்தால் இந்தக் கணக்கே உதவாது, ஸ்கேன்தான். 1.4-க்கு மேல் வந்தாலும் மகிழ வேண்டாம், குழாயில் சுண்ணாம்பு படிந்து அழுந்தாமல் இருக்கிறது என்று பொருள். அப்போது கால் பெருவிரலில் அளக்க வேண்டும்.

விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொன்று: முழங்கால் மடிப்புக்குப் பின்னால் தசை தமனியை நெருக்குவது. படுத்திருக்கும்போது பாதத்து நாடி நன்றாகவே கிடைக்கும். பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தச் சொல்லிப் பார்த்தால் மங்கும். ஆனால் நோயில்லாத சிலருக்கும் அப்படி மங்குவதுண்டு. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனை அந்த நிலையிலும் எடுத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இவர்கள் யாருக்கும் சில்லிட்ட காலில் வெந்நீர் ஒத்தடம் வேண்டாம். ரத்தம் போகாத தோல் சீக்கிரம் வெந்துபோகும், புண் ஆறாது. கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, மரத்து வலித்தால் தைலம் தேட வேண்டாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் ரத்த ஓட்டம் திரும்ப வேண்டும். 108-ஐக் கூப்பிட்டு, ரத்தக்குழாய் அறுவை செய்யும் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகப் போய்விடுங்கள்.